துண்டு துண்டாகப் படித்தால் அது படிப்பு இல்லையா? உங்கள் வாரத்தில் புத்தகம் எங்கே நுழைகிறது?

கோவில்பட்டி வாசகி

வணக்கம் எல்லாருக்கும். சமீபத்தில் எங்கள் ஊரில் ஒரு புத்தகக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேச வந்தவர் நிறைய வாசித்தவர், நன்றாகவும் பேசினார். ஆனால் நடுவில், ஒரே இருப்பில் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார முடியாதவர்கள் பெரிய நாவல் பக்கம் போக வேண்டாம், துண்டு துண்டாகப் படிப்பது படிப்பே இல்லை என்று சொல்லிவிட்டார். அங்கே வந்திருந்த பெண்களில் பாதிப்பேர் வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிறவர்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மனசு ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கயத்தாற்றில் கணக்கு எழுதுகிற வேலை. தினமும் பஸ். வீட்டில் மாமியார், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்கு இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. இந்த வாரம் கையில் இருந்தது சோ. தர்மனின் 'சூல்'. 2019இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நாவல், நல்ல கனமான புத்தகம், கிளை நூலகத்தில் எடுத்தேன். உருளைக்குடி என்கிற ஊர், அதன் கண்மாய், கண்மாயை நம்பி வாழ்ந்த சனங்கள், அந்தக் கண்மாய் எப்படிக் கைவிட்டுப் போனது என்பதுதான் கதை. எங்கள் கரிசல் பக்கத்து ஊர் என்பதால் பேச்செல்லாம் என் ஆச்சி பேசுவதைக் கேட்பது போலவே இருந்தது.

திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில் வண்டி வருவதற்குள் நாலு பக்கம் படித்தேன். பஸ் கிளம்பினால் எனக்குப் படிக்க முடியாது, தலை சுற்றும். புத்தகத்தைப் பையில் வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன். இடைசெவல் விலக்கு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு கண்மாய். கரை முழுக்கச் சீமைக்கருவேலம், தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் ஆடு மேய்கிறது. எத்தனையோ தடவை அதைப் பார்த்திருக்கிறேன், அன்றைக்குத்தான் மடை எங்கே இருந்திருக்கும், தண்ணீர் எந்தப் பக்கமாக உள்ளே வந்திருக்கும் என்று கண் தேடியது. மறுநாள் கயத்தாற்றில் என்கூட வேலை பார்க்கிற அண்ணனிடம் கேட்டேன், அவர் சின்ன வயதில் அதே கண்மாயில் மீன் பிடித்த கதையைச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சொன்னார். அன்று ராத்திரி அடுத்த பத்துப் பக்கத்தைத் திறந்தபோது புத்தகத்தில் இருந்த கண்மாய்க்கு ஒரு முகம் வந்திருந்தது. நான் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்த நேரம் குறைவுதான். ஆனால் மூடி வைத்திருந்த நேரத்திலும் நான் படித்துக்கொண்டுதான் இருந்தேன் என்பது என் கட்சி.

அப்புறம் புதன்கிழமை, மாவாட்டுகிற நாள். கிரைண்டரில் உளுந்தைப் போட்டால் நகர முடியாது, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் பொங்காது. அந்த நேரத்துக்கென்றே ஒரு சிறுகதைப் புத்தகம் அடுக்களை ஷெல்ஃபில் கிடக்கும். இந்தத் தடவை கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. அவரும் கி.ரா.வும் அந்த இடைசெவல்காரர்கள்தானே, தினமும் அவர்கள் ஊரைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். கதை பலருக்கும் தெரிந்திருக்கும். பத்திரிகையில் வேலை செய்கிறவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுப்பவர், இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் டைரி கொடுக்கிறார், சாரங்கனுக்கு இல்லை. அந்தப் பையன் கடைசியில் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து நீட்டி, அன்பளிப்பு என்று எழுதச் சொல்கிற இடத்தில் எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. ஒரு கையில் மாவு, இன்னொரு கையில் புத்தகம், கண்ணைத் துடைக்கக் கை இல்லை. முன்பும் படித்த கதைதான். அன்று ராத்திரி என் சின்னவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, நான் எப்போதும் பெரியவளிடமே புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறேனே, இவனிடம் ஒரு தடவையாவது கேட்டேனா என்று தோன்றியது. சும்மா ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினேன். முழுசாக உட்கார்ந்து கேட்டான்.

வியாழக்கிழமை ஒன்றும் படிக்கவில்லை, மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வெள்ளி நூலகம் விடுமுறை. சனிக்கிழமை பெரியவள் கணக்குப் போடுகிறபோது பக்கத்தில் உட்கார்ந்து 'சூல்' மறுபடியும் கொஞ்சம். அவ்வளவுதான் என் வாரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழில் பெரிய நாவல்கள் பலவும் முதலில் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தவை. 'பொன்னியின் செல்வன்' கல்கியில் 1950இல் தொடங்கி மூன்றரை வருஷம் வந்தது. 'மோகமுள்' சுதேசமித்திரனில் வந்தது. அதை அன்றைக்குப் படித்தவர்கள் எல்லாம் வாரத்துக்கு ஒரு அத்தியாயம் படித்தார்கள், மீதி நாளெல்லாம் அதையே பேசினார்கள். அவர்கள் படித்தது படிப்பு இல்லை என்று யாராவது சொல்வார்களா?

உங்கள் வாரம் எப்படி? எந்தப் புத்தகம், எந்த நேரத்தில், எப்படி?

காவிரிக்கரை ஆசிரியர்

அம்மா, ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம். இப்போது எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை, கண்தான் அரை மணி நேரத்துக்கு மேல் ஒத்துழைக்க மறுக்கிறது. அதனால் நானும் உங்கள் கட்சிதான்.

தொடர்கதை என்றதும் என் அம்மாவின் பைண்டு புத்தகங்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. வாராவாரம் பத்திரிகையிலிருந்து தொடர் வந்த பக்கங்களை மட்டும் பின்னைக் கழற்றி உருவி எடுத்து, பரண் மேல் ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைப்பாள். தொடர் முடிந்ததும் பைண்டரிடம் போகும். காலிகோ துணி முதுகு, பளிங்குக் கோலம் போட்ட அட்டை. ஓரம் வெட்டும்போது பைண்டர் கொஞ்சம் தாராளமாக வெட்டிவிட்டால் வலப்பக்க வரிகளில் கடைசி எழுத்து போய்விடும், அதை நாமே ஊகித்துப் படிக்க வேண்டும். பக்கத்தின் பின்புறம் வேறு ஏதோ கதையின் நடுப்பகுதி, பல்பொடி விளம்பரம், ஜோக்கு. எங்கள் வீட்டு 'தில்லானா மோகனாம்பாள்' அப்படித்தான் இருந்தது, கோபுலுவின் படங்களோடு. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பேரில் விகடனில் எழுதியது. அந்தப் பைண்டு எங்கள் தெருவில் ஏறி இறங்காத வீடே கிடையாது. திரும்பி வரும்போது நடுவில் மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை, சில இடங்களில் பிள்ளைகளின் பென்சில் கிறுக்கல். எந்த வேலைக்கு நடுவில் எந்தப் பக்கம் படிக்கப்பட்டது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நாவல் மட்டும் இல்லை அம்மா. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' இருக்கிறதே, அதுவும் ஆனந்த விகடனில் 1940இலிருந்து வாரந்தோறும் வந்ததுதான். 1942இல் அவர் காலமானதால் பாதியிலேயே நின்றுவிட்டது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடம் கேட்ட கதையைத் தமிழ்நாடு ஒவ்வொரு வாரமாகக் காத்திருந்து படித்திருக்கிறது. நான் இந்த வாரம் அதைத்தான் மறுபடி எடுத்திருக்கிறேன், காலையில் ஒரு அத்தியாயம், சாயங்காலம் ஒரு அத்தியாயம். அத்தியாயங்கள் அளவாக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு சம்பவம் முழுசாக முடியும். வாரத்துக்கு ஒன்று என்று எழுதியதால் வந்த அமைப்பு அது. ஒரே மூச்சில் நூறு பக்கம் படித்துப் பார்த்திருக்கிறேன், ஆட்களும் ஊர்களும் குழம்பிவிடுகின்றன. பட்டீச்சுரத்துக்கும் திருவாவடுதுறைக்கும் நடுவில் அவர் நடந்த நடையை நாமும் மெதுவாக நடந்தால்தான் ருசி.

தேனிப்பக்கம்

ரேஷன் கடை வரிசை, பள்ளிக்கூட வாசல், டாக்டர் கிளினிக். என் மூணு வாசகசாலை இதுதான் அக்கா. இந்த வாரம் ரேஷனில் பருப்பு வர லேட்டானதால் இமையத்தின் 'செல்லாத பணம்' அறுபது பக்கம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரியில் நடக்கிற கதை, சனக்கூட்டத்துக்கு நடுவில் நின்று படிக்கும்போது இன்னும் பயமாக இருந்தது.

அம்பத்தூர் மின்ரயில்

அக்கா, ஐயா, ரெண்டு பேருக்கும் வணக்கம். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

தொடர்கதை துண்டு துண்டாகப் படிப்பதற்கென்றே எழுதப்பட்டது, சரி. அத்தியாய முடிவில் ஒரு கொக்கி போட்டு நிறுத்துவார்கள், அடுத்த வாரம் நாமே தேடி ஓடுவோம். ஆனால் எல்லா நாவலும் அப்படி இல்லையே. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்தப் பத்திரிகையின் வாரக் கணக்குக்கும் எழுதப்பட்டது இல்லை, 1972இல் நேரே புத்தகமாக வந்தது. இந்தோனேசியாவின் மெடான் நகரத்தில் ஜப்பான் படை நுழைகிறது, அடுத்த பக்கத்தில் மதுரைத் தெரு, அதற்கடுத்து கதாநாயகன் பாண்டியன் தலைக்குள் ஓடுகிற பழைய பாட்டு வரிகள், குடித்துக்கொண்டே பேசுகிற நீளமான பேச்சு. இதை அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் போகிற நேரத்தில் தினமும் படித்துப் பார்த்தேன். வில்லிவாக்கத்தில் கூட்டம் ஏறும், பெரம்பூரில் இன்னும் ஏறும், எந்த வரியில் விட்டேன் என்றே தெரியாது. கடைசியில் பொங்கல் லீவில் ஊருக்குப் போய் மாடியில் பாயை விரித்து உட்கார்ந்தபோதுதான் அந்த நாவல் எனக்குத் திறந்தது. அதன் ஓட்டமே ஒரு சுழல், உள்ளே இறங்கி அது இழுக்கிற இழுப்புக்குப் போக வேண்டும். கால் மணி நேரத்தில் அது பிடிபடாது.

அதனால் ரயிலுக்கு நான் வேறு ஏற்பாடு செய்துகொண்டேன். குறுந்தொகை. ஒரு நாளைக்கு ஒரு பாட்டு. நாலு வரியிலிருந்து எட்டு வரிதான். மதுரைத் திட்டம் தளத்திலிருந்து போனில் இறக்கி வைத்திருக்கிறேன், 1998இலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்க்கிற இலவசக் களஞ்சியம், இதைவிடப் பெரிய உதவி எனக்கு யாரும் செய்ததில்லை. ஏறும்போது பாட்டை ஒரு தடவை படிப்பேன், புரியாது. உரையைப் பார்ப்பேன். இறங்குவதற்குள் மறுபடி மூலத்தைப் படிப்பேன். இந்த வாரம் 'யாரும் இல்லைத் தானே கள்வன்' வந்தது. கபிலர் பாட்டு, 25வது. அவனும் அவளும் சேர்ந்த அன்றைக்குச் சாட்சி என்று வேறு யாருமே கிடையாது, தினைத்தாள் மாதிரி சிறுத்த காலோடு ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற குருகு ஒன்றுதான் இருந்தது என்கிறாள். அன்றைக்கு ஆபீஸில் வேலையே ஓடவில்லை. நம்பிக் கைவிடப்பட்ட ஒருத்தி, சாட்சிக்கு ஒரு கொக்கு, அதற்கும் தன் மீன் மேலேதான் கண். இத்தனையும் ஐந்தே வரியில்.

புத்தகத்துக்கு ஏற்ற நேரம், நேரத்துக்கு ஏற்ற புத்தகம். என் கருத்து அவ்வளவுதான்.

மலைக்கோட்டைக்காரி

கோவில்பட்டி அக்கா, உங்கள் பதிவை ரெண்டு தடவை படித்தேன். கண்மாய்ப் பகுதி ரொம்பப் பிடித்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அம்பத்தூர் தம்பி பொங்கல் லீவில் மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தேன் என்கிறார். அதே பொங்கலுக்கு அந்த வீட்டில் அடுக்களையில் யார் இருந்தார்கள்? தம்பியைக் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் அண்ணன் புத்தகத்தோடு சாய்ந்தால் காபி வரும்வரை யாரும் கூப்பிட மாட்டார்கள். நான் எடுத்தால், "சும்மாதானே இருக்க, அந்தத் துணியை மடிச்சு வை" என்று குரல் வரும். படிப்பது என்றால் சும்மா இருப்பது, அதுவும் பெண் படித்தால் மட்டும்.

துண்டு நேரத்திலும் படிக்க முடியும் என்று நாம் சொல்லிக்கொண்டே போனால், அப்படியே போதும் என்று விட்டுவிடுவார்கள். எனக்குத் துண்டு போதாது. எனக்கும் முழு மத்தியானம் வேண்டும். அம்பையின் கதைகளைக் கிரைண்டர் பக்கத்தில் நின்று படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் அவர் எழுதுவதே இந்த அடுக்களையைப் பற்றித்தான்.

வடமராட்சி

வணக்கம். நான் யாழ்ப்பாணம், வடமராட்சிப் பக்கம். இந்த இழையை வாசிக்க வாசிக்கப் பழைய நாள்கள் கண்ணுக்குள் வந்தன.

தொண்ணூறுகளில் எங்களுக்கு மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சை வைத்து, அது நனையிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, மூடியில் திரி போட்டு எரிப்போம். அந்த வெளிச்சம் முதலில் படிக்கிற பிள்ளைகளுக்கு. சோதனைக்குப் படித்து முடித்த பிறகு மிச்சம் இருந்தால் அம்மாவும் நாங்களும் கதைப்புத்தகம். பத்திரிகைத் தாளுக்கும் தடை என்றபடியால் பத்திரிகையே கொப்பித் தாளில் அச்சடித்து வந்த காலம். அட்டை இல்லாத, முதல் பக்கம் இல்லாத புத்தகங்கள் கைமாறிக் கைமாறி வரும். சில நாவல்களை எழுதினவர் யாரென்று பல வருஷம் கழித்துத்தான் அறிந்தேன். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்து 97 ஆயிரம் நூல்கள் போனதைக் கண்ட ஊர் எங்களது. அதனால் ஒரு புத்தகம் வீட்டுக்கு வந்தால் அது எத்தனை நாள் இருக்கும் என்ற பயத்தோடுதான் வாசிப்போம்.

அந்தக் காலத்தில் துண்டு துண்டாக வாசித்ததுதான் இன்றைக்கும் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. விளக்கை அணைத்த பிறகு இருட்டுக்குள் படுத்துக்கொண்டு, அடுத்தது என்ன நடக்கும் என்று அக்காவும் நானும் கதைத்துக்கொண்டே நித்திரையாவோம். மலைக்கோட்டைத் தங்கச்சி சொல்வதும் உண்மை. எங்களுக்கு எண்ணெய் கிடைக்கவில்லை, உங்களுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. தட்டுப்பாட்டை நல்லது என்று நானும் சொல்ல மாட்டேன்.

இந்த வாரம் 'நூலகம்' இணையத்தளத்தில் பழைய ஈழத்துச் சஞ்சிகைகளை இரவில் ஒன்றொன்றாகத் திறந்து வாசிக்கிறேன். அட்டை கிழிந்து கைக்கு வந்த ஒரு கதையை, இப்போது முழுப் பெயரோடு அங்கே கண்டேன்.

கோவில்பட்டி வாசகி

எல்லாரும் இவ்வளவு மனசுவிட்டு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. வேலைக்கு நடுவே போனில் திறந்து திறந்து படித்தேன்.

மலைக்கோட்டைத் தங்கச்சி, தப்பாகவே எடுக்கவில்லை. முழு மத்தியானம் வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே கிடையாது. ஆனால் அது கிடைக்கும்வரை பெரிய நாவலைத் தொடாதே என்று ஒருவர் மேடையேறிச் சொன்னால் அதை ஒத்துக்கொள்ள முடியாது. ரெண்டையும் சேர்த்தே கேட்போம். நேற்று ராத்திரி உங்கள் பதிவை வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோனார். இன்றைக்கு, ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரத்தை அவரும் பெரியவளும் எடுத்துக்கொண்டார்கள். மூன்று மணியிலிருந்து விளக்கு வைக்கும் நேரம்வரை 'சூல்'. முடித்துவிட்டேன். கடைசிப் பகுதியை நிறுத்தாமல் படித்ததும் நல்லதுதான், ஊர் சரிகிற வேகம் அப்படியே மேலே வந்து விழுந்தது. இதை அம்பத்தூர் தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஆனால் அந்த ஊரோடு எனக்கு ஒட்டுதல் வந்தது பஸ் ஸ்டாண்டிலும் ஜன்னல் ஓரத்திலும்தான். அந்த நாட்கள் இல்லாவிட்டால் இன்றைய மத்தியானம் இவ்வளவு வலித்திருக்காது.

வடமராட்சி அண்ணா, ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சின்னவன் நிறையக் கேள்வி கேட்கிறான். யாழ் நூலகத்தைப் பற்றி அவன் வயதுக்கு ஏற்றமாதிரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு கேள்வி. நாலு நாள் இடைவெளி விட்டால் எனக்குப் பாத்திரங்களின் பேர் மறந்துபோகிறது. பெரிய நாவலில் யார் யாருக்கு என்ன உறவு என்று திரும்பத் தேட வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?

காவிரிக்கரை ஆசிரியர்

அம்மா, ஒரு நீளமான தாளைப் புத்தக அடையாளமாக வையுங்கள். பேர் வரவர அதிலேயே எழுதுங்கள், பேருக்குப் பக்கத்தில் உறவு, பக்க எண். இன்னொன்று, அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். ஒரு சம்பவம் நடந்துகொண்டிருக்கும்போதே மூடிவிடுங்கள். மறுபடி திறக்கும்போது மனசு அந்த இடத்திலேயே நிற்கும். நூலகத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தத் தாளை உள்ளேயே விட்டுவிடுங்கள், அடுத்து எடுக்கிறவருக்கு ஆகும். நான் அப்படி ஒருமுறை யாரோ விட்டுப்போன தாளை வைத்துக்கொண்டு ஒரு முழு நாவலையும் படித்திருக்கிறேன். கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது.

அம்பத்தூர் மின்ரயில்

மலைக்கோட்டை அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில், அம்மாவும் அண்ணியும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கு ஒரு புத்தகம் வாங்கிப் போகலாம் என்று இருக்கிறேன், மத்தியான வேலையையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா முன்பு நிறையப் படிப்பார், கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போயிற்று. எழுத்து பெரிதாக இருந்தால் நல்லது. எதைக் கொடுக்கலாம்?

மலைக்கோட்டைக்காரி

தம்பி, ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' கொடுங்கள். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றியது, நேரில் போய்ப் பார்த்து எழுதினார். அவர் எழுத்து நாட்டுடைமை ஆனது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அம்மாவுக்குப் போனில் கொடுக்காதீர்கள், அச்சுப் புத்தகமாக வாங்குங்கள். முதல் பக்கத்தில் அம்மா பேரையும் எழுதிக் கொடுங்கள்.

கோவில்பட்டி வாசகி

'கரிப்பு மணிகள்' நானும் படித்ததில்லை. நாளைக்கு 'சூல்' திருப்பிக் கொடுக்கப் போகும்போது நூலகத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறேன், இருந்தால் அடுத்த வாரத்துக்கு அதுதான். கூடப் படிக்க யாருக்கெல்லாம் விருப்பம்?

தேனிப்பக்கம்

நான் வருகிறேன் அக்கா. புதன்கிழமைக்குள் முதல் அம்பது பக்கம், சரியா?